முதுகுக்குப் பின்னால் ஓர் எஞ்சின்: ஃபார்முலா மாருதி பிறந்த கதை

இந்தியாவிலிருந்து போய் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டியவர்கள் இதுவரை இரண்டே பேர். 2005-ல் கோவையின் நரேன் கார்த்திகேயன். 2010-ல் சென்னையின் கருண் சந்தோக். இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. ஆனால் அவர்கள் இருவரும் பந்தயத்தின் அரிச்சுவடியைப் படித்தது ஒரே வகைக் காரில் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அந்தக் கார் இத்தாலியிலோ இங்கிலாந்திலோ பிறந்ததல்ல. கோவையில், ஒரு பட்டறையில், எஃகுக் குழாய்களை வெட்டி வெல்டிங் வைத்து, நம் தெருக்களில் அன்றாடம் ஓடிய மாருதி 800-இன் எஞ்சினைப் பொருத்திச் செய்த கார் அது. பெயர் ஃபார்முலா மாருதி. அந்தக் காரின் கதையைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சக்கரம் வெளியே தெரியும் கார்

சாலையில் ஓடும் காரில் சக்கரங்கள் உடலுக்குள், மட்கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பந்தயக் கார்களில் ஒரு தனி இனம் உண்டு. நடுவில் ஒரே ஒருவர் மட்டும் உட்காரும் ஒல்லியான உடல். அதற்கு வெளியே, நான்கு மூலையிலும் நான்கு சக்கரங்கள் திறந்தபடி நிற்கும். எங்கள் திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதியில் வரும் மகாரதத்தின் சக்கரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவை மறைவின்றி வெளியே தெரிவதால்தான், முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, எந்த நொடியில் எந்தப் பக்கம் கட்டையைக் கொடுக்க வேண்டும் என்று கணித்து, அவ்வளவு பெரிய தேரை வீதி முனையில் திருப்புகிறார்கள். பந்தயக் காரிலும் ஓட்டுபவர் தன் முன்சக்கரத்தைத் தன் கண்ணாலேயே பார்க்கிறார். திருப்பத்தில் அதை எங்கே வைக்கிறோம் என்பது விரற்கடைக் கணக்கில் தெரிகிறது.

இந்த வகைக் காருக்கு அமெரிக்காவில் நெடிய வரலாறு உண்டு. இண்டியானாபொலிஸ் நகரத்தில் 1909-ல் நான்கு கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஒரு பந்தயப் பாதை கட்டினார்கள். சுமார் 32 லட்சம் செங்கற்களைப் பாவிய பாதை அது. 1911 மே 30 அன்று அங்கே முதல் 500 மைல் பந்தயம் நடந்தது. அக்காலக் கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துச் சொல்வது வழக்கம். ரே ஹாரூன் என்பவர் அந்த இரண்டாவது ஆளை விட்டுவிட்டு, பின்னால் பார்க்க ஒரு கண்ணாடியைப் பொருத்தி, மார்மன் வாஸ்ப் என்ற மஞ்சள் காரில் தனியாக ஓட்டினார். மணிக்குச் சராசரியாக 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி ஜெயித்தார். அந்தக் கார் இன்றும் இண்டியானாபொலிஸ் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆஃபன்ஹவுசர் எஞ்சினின் உறுமல், ஏ. ஜே. வாட்சன் கட்டிய ரோட்ஸ்டர் கார்களின் பளபளப்பு, நான்கு முறை ஜெயித்த ஏ. ஜே. ஃபாய்ட்டின் கார்கள் என்று அமெரிக்க ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாக நினைவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தாத்தா பார்த்த காரைப் பேரன் தொட்டுப் பார்க்க அங்கே வழியிருக்கிறது.

நமக்கும் அப்படி நினைவுகள் உண்டு. அவற்றின் முதல் ஊர் சோழவரம்.

சோழவரத்தின் ஓடுபாதை

சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் போட்ட விமான ஓடுபாதை ஒன்று சோழவரத்தில் இருந்தது. போர் முடிந்து விமானங்கள் போனபின் அது சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையைப் பந்தயக் களமாக்கியது. மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே மோட்டார் சைக்கிளும் காரும் சீறின. தை, மாசி மாதங்களில் ரேஸ் வந்தால் சென்னை மட்டுமின்றி கோவை, பெங்களூர், பம்பாய், கல்கத்தா, இலங்கை என்று எங்கிருந்தெல்லாமோ வந்து கூடுவார்கள். நீண்ட நேர்பாதை, அதன் முடிவில் கூர்மையான திருப்பம் என்பது ஓடுபாதைப் பந்தயத்தின் இயல்பு. வேகம் முழுவதையும் பிடித்து ஒரே அழுத்தில் பிரேக் போட வேண்டும். யார் கடைசி நொடிவரை பொறுக்கிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் வெயிலில் அத்தனை பேர் நின்றார்கள்.

சோழவரத்தைப் பார்த்த தலைமுறையிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது பெரிய கார்களின் பெயர்தான். கோண்டல் அரச குடும்பத்திலிருந்து வந்து ஓட்டியவர்களைச் சொல்வார்கள். விஜய் மல்லையா வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த என்சைன் ஃபார்முலா ஒன் காரைச் சொல்வார்கள். காது அடைக்கும் அந்தச் சத்தத்தை வர்ணிக்கும்போது அவர்கள் குரலே மாறிவிடும். அந்த நினைவுகள் உண்மையானவை, அருமையானவை. ஆனால் அந்தக் கார்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அதிசயம். ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது. அரசர் வீட்டிலும் ஆலை முதலாளி வீட்டிலும் பிறந்தவர்களுக்கு மட்டுமே அவை எட்டின. இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும். சுங்க வரி கழுத்தை நெரிக்கும். உதிரிபாகம் ஒன்று உடைந்தால் கடல் தாண்டி வரக் காத்திருக்க வேண்டும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? ஃபியட்டையும், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையும், பின்னாளில் ஃபைபர் உடலோடு வந்த சிபானி டால்ஃபினையும் முறுக்கேற்றி ஓட்டினார்கள். சீட்டைக் கழற்றுவது, எடையைக் குறைப்பது, எஞ்சினின் தலையைச் சீவுவது, கார்புரேட்டரை மாற்றுவது என்று தங்கள் கைத்திறன் முழுவதையும் காட்டினார்கள். அந்த மெக்கானிக்குகளின் புத்திசாலித்தனத்துக்கு அளவே இல்லை. இருந்தாலும் சாலைக்கென்று செய்த கார் சாலைக் கார்தான். உண்மையான பந்தயக் காரில் உட்கார்ந்து பழக, சாதாரண வசதியுள்ள ஓர் இளைஞனுக்கு நாட்டில் வழியே இல்லாமல் இருந்தது. அதனால் பந்தயம் பார்க்கும் கூட்டம் பெருகியது. ஓட்டும் கூட்டம் பெருகவில்லை.

கோவையின் கரி

இந்த இடத்தில்தான் சுந்தரம் கரிவரதன் வருகிறார். ரசிகர்களுக்கு அவர் வெறும் கரி. 1954-ல் கோவையின் ஜவுளி ஆலைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வேகத்தின் மீது தீராத மோகம் கொண்டவர். சோழவரத்தில் ஓட்டினார், ஜெயித்தார், பெயர் வாங்கினார். வசதியும் இருந்தது, திறமையும் இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தனக்கான காரை மட்டும் கவனித்துக்கொண்டு, கோப்பைகளை அடுக்கிவைத்துக்கொண்டு அவர் காலம் கழித்திருக்கலாம். அதில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கரி, பிறர் ஓட்டுவதற்கான கார்களைக் கட்ட உட்கார்ந்தார். அவர் பெருமையெல்லாம் அந்த ஒரு முடிவில் அடங்கியிருக்கிறது என்பேன்.

அதற்குக் கோவையை விடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இருந்திருக்க முடியாது. பஞ்சாலைகள் பெருகியபோது அவற்றின் இயந்திரங்களைப் பழுது பார்க்கப் பட்டறைகள் வந்தன. பட்டறைகளுக்கு வார்ப்படம் செய்ய ஃபவுண்டரிகள் வந்தன. கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டாரும் பம்ப்செட்டும் தேவைப்பட, அதையும் அந்த ஊரே செய்தது. இந்தியாவின் முதல் மின்மோட்டாரை 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடு கோவையில் செய்தார். பேருந்துத் தொழிலிலும் கருவிகள் கண்டுபிடிப்பதிலும் ஜி. டி. நாயுடு செய்த சாதனைகள் ஊரறிந்தவை. ஒரு பொருளை வாங்கிவந்தால் முதலில் கழற்றிப் பார்ப்பது, பிறகு அதைவிட நன்றாகச் செய்ய முடியுமா என்று முயல்வது கோவையின் குணம். லேத், மில்லிங், வார்ப்படம், ஃபைபர் வேலை, ஸ்பிரிங், கியர் என்று எது கேட்டாலும் பீளமேட்டுக்கும் கணபதிக்கும் இடையில் செய்து தர ஆள் இருந்தார்கள். கரியின் சூப்பர் ஸ்பீட்ஸ் பட்டறை அந்த மண்ணில்தான் வேர் பிடித்தது.

மாருதி கொண்டுவந்த வாய்ப்பு

காரைக் கட்ட ஆள் இருந்தார்கள். அதற்கேற்ற எஞ்சின்தான் வேண்டியிருந்தது. அதை 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 கொண்டுவந்தது. அதற்கு முன் இந்தியாவில் ஓடிய எஞ்சின்கள் கனமானவை; இருபது முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய வடிவமைப்பைக் கொண்டவை. மாருதியின் எஞ்சின் ஜப்பானின் சுசூகி நிறுவனம் வடிவமைத்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், சுமார் 40 குதிரைத்திறன். அளவில் சின்னது, எடையில் குறைவு, சுறுசுறுப்பாகச் சுழலும், எளிதில் பழுதாகாது. அடுத்த சில ஆண்டுகளில் நாட்டின் எந்த ஊரிலும் அதன் உதிரிபாகம் கிடைத்தது. எங்கள் திருவண்ணாமலையில் வேட்டவலம் சாலையிலும் திண்டிவனம் சாலையிலும் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டே அதைப் பிரித்து மாட்டுவார்கள்.

அந்த எஞ்சினில் பந்தயக் காருக்குப் பயன்படும் இன்னொரு சிறப்பும் இருந்தது. அம்பாசடர், ஃபியட் போன்ற பழைய கார்களில் எஞ்சின் முன்னால் இருக்கும். அங்கிருந்து நீண்ட ஷாஃப்ட் ஒன்று காரின் அடியில் ஓடிப் பின்சக்கரங்களைச் சுழற்றும். மாருதி 800 முன்சக்கரத்தால் இழுக்கப்படும் கார். எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் எல்லாமே குறுக்குவாட்டில் ஒரே கட்டாக இணைந்திருக்கும். அந்தக் கட்டை அப்படியே தூக்கி, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டால் போதும். முன்சக்கரத்தை இழுத்த எஞ்சின் பின்சக்கரத்தைத் தள்ளும் எஞ்சினாகிவிடும். நீண்ட ஷாஃப்ட் வேண்டாம். புதிய கியர்பாக்ஸ் வேண்டாம். ஓட்டுநர் தரையோடு தரையாகக் கால் நீட்டிப் படுத்தாற்போல் உட்காரலாம். கனமான பாகங்கள் எல்லாம் நடுவுக்கு அருகில் வந்துவிடுவதால் கார் திருப்பத்தில் சட்டென்று திரும்பும்.

பந்தய உலகம் இந்தப் பாடத்தை ஒரு சின்னக் காரிடமிருந்துதான் கற்றது. 1946-ல் இங்கிலாந்தில் சார்லஸ் கூப்பர், அவர் மகன் ஜான் கூப்பர் இருவரும் தங்கள் சிறிய பட்டறையில், ஃபியட் டோபோலினோ கார்களின் முன்பகுதிகள் இரண்டை இணைத்து, 500 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பின்னால் வைத்து ஒரு பந்தயக் கார் கட்டினார்கள். போருக்குப் பின் காசில்லாத இளைஞர்கள் ஓட்டுவதற்கான மலிவான கார் அது. ஸ்டிர்லிங் மாஸ் என்ற இளைஞர் 1948-ல் அந்தக் காரில்தான் பந்தயம் தொடங்கினார். அதே பின் எஞ்சின் வழியில் வளர்ந்த கூப்பர் கார்களில் ஜாக் பிராபம் 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளும் உலக சாம்பியன் ஆனார். 1961-ல் அவர் கூப்பர் கார் ஒன்றை இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோய், முன் எஞ்சின் ராட்சதர்களுக்கு நடுவே ஒன்பதாவதாக வந்தார். 1964-ல் ஃபாய்ட் ஜெயித்ததே அங்கே முன் எஞ்சின் காரின் கடைசி வெற்றி. 1965-ல் ஜிம் கிளார்க் லோட்டஸ் காரில் ஜெயித்தபின் எல்லோரும் பின் எஞ்சினுக்கு மாறிவிட்டார்கள். ஏழை இளைஞர்களுக்காகச் செய்த காரிலிருந்துதான் உலகின் பெரிய கார்கள் வந்தன. கரி செய்ததும் அந்த வழிதான்.

பட்டறையில் பிறந்தது

1980-களின் இறுதியில் கார் உருவானது. ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி எஞ்சின் என்பது அதன் முழுப்பெயர். சுருக்கி ஃபிஸ்மி என்பார்கள். ரசிகர்கள் வாயில் நிலைத்தது ஃபார்முலா மாருதி.

அதன் எலும்புக்கூடு எஃகுக் குழாய்களால் ஆனது. குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்து வெல்டிங் வைப்பார்கள். நான்கு குழாய்களைச் சதுரமாக இணைத்தால் ஓரத்தில் தள்ளினால் சாய்ந்துவிடும். குறுக்கே ஒன்றைப் போட்டு இரண்டு முக்கோணமாக்கிவிட்டால் அசையாது. இந்த எளிய வடிவியல்தான் குறைந்த எடையில் அதிக உறுதியைத் தருகிறது. மோதி வளைந்தாலும் அந்தக் குழாயை மட்டும் வெட்டி எடுத்துப் புதியதை வைத்துவிடலாம். அதற்கு நல்ல வெல்டர் ஒருவர் இருந்தால் போதும். மேலே மூடும் உடல் ஃபைபர். அச்சில் வார்த்து எடுப்பதால் உடைந்தால் இன்னொன்று வார்த்துக்கொள்ளலாம். காரின் எந்தப் பாகம் கெட்டாலும் சரிசெய்யத் தேவையான பொருளும் ஆளும் உள்ளூரிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் அந்த வடிவமைப்பின் உயிர்.

எல்லோருக்கும் ஒரே வகை எஞ்சின், ஒரே வகை உடல். இதனால் பந்தயத்தின் தன்மையே மாறியது. சோழவரத்தில் பெரிய எஞ்சின் வைத்திருந்தவர் நேர்பாதையில் எல்லோரையும் தாண்டிப் போய்விடுவார். அங்கே பர்ஸின் பலமும் சேர்ந்து ஓடியது. ஃபார்முலா மாருதியில் காரின் மீது பழி போட முடியாது. முன்னால் போனவர் நன்றாக ஓட்டினார், பின்தங்கியவர் இன்னும் கற்க வேண்டும், அவ்வளவுதான்.

நாற்பது குதிரைத்திறன் போதுமா என்று கேட்கலாம். கற்றுக்கொள்கிறவருக்கு அதுவே நல்ல வாத்தியார். பெரிய எஞ்சின் உள்ள காரில் திருப்பத்தில் பிழை செய்தாலும் ஆக்சிலரேட்டரை மிதித்து விட்ட வேகத்தை மீட்டுவிடலாம். சின்ன எஞ்சினில் அந்தச் சலுகை கிடையாது. திருப்பத்தில் ஐந்து கிலோமீட்டர் வேகத்தை இழந்தால் அடுத்த நேர்பாதை முழுவதும் அந்த இழப்பு கூடவே வரும். ஆகவே பிரேக்கைக் குறைத்து, ஸ்டீயரிங்கைக் குறைவாக ஒடித்து, வேகத்தைச் சிந்தாமல் சிதறாமல் திருப்பத்துக்குள் கொண்டுபோகப் பழக வேண்டும். முன்னால் போகும் காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு, அது கிழித்த காற்றின் வெற்றிடத்தில் இழுபட்டுப் போய், சரியான நொடியில் வெளியே வந்து தாண்டப் பழக வேண்டும். திறந்த சக்கரம் வேறு. பக்கத்துக் காரின் சக்கரமும் நம் சக்கரமும் உரசினால் கார் துள்ளி எழுந்துவிடும். எனவே அடுத்தவருக்கு ஒரு காரின் அகலம் இடம் விட்டு ஓட்டும் ஒழுக்கமும் வர வேண்டும். பந்தய ஓட்டுநருக்குத் தேவையான எல்லாப் பாடமும் அந்தச் சின்னக் காரில் இருந்தது.

இருங்காட்டுக்கோட்டை

கார் பிறந்த சமயத்தில் களமும் பிறந்தது. ஓடுபாதையை நம்பியிருந்த காலம் போதும் என்று மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, 3.7 கிலோமீட்டர் நீளத்தில் முறையான பந்தயப் பாதையைக் கட்டியது. 1990-ல் அது திறக்கப்பட்டது. சோழவரத்தின் நினைவுகள் வடக்கிலிருந்து மேற்குக்கு வந்தன.

எங்களைப் போன்ற வெளியூர் ரசிகர்களுக்கு அது வசதியாகவும் போயிற்று. திருவண்ணாமலையிலிருந்து ஆரணி, ஆற்காடு வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால் காஞ்சிபுரம் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டியே டிராக் வந்துவிடும். அங்கே ஃபார்முலா மாருதி பந்தயம் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கென்று ஒரு கரகரப்பு உண்டு. நான்கு சிலிண்டரின் சீரான ரீங்காரம் அதில் வராது. சைலன்சர் கட்டுப்பாடு தளர்ந்து, இருபது எஞ்சின்கள் சேர்ந்து தொடக்க வரிசையில் உறுமும்போது, ஊரில் பால் வாங்கப் போகும்போது கேட்கும் அதே எஞ்சினா இது என்று மலைப்பாக இருக்கும். அந்த மலைப்புதான் ஃபார்முலா மாருதியின் தனி இன்பம். என்சைன் காரைப் பார்த்து வியந்தவனுக்கு அது வேறோர் உலகத்துப் பொருள். ஃபார்முலா மாருதியைப் பார்த்து வியந்தவனுக்கு, இதை நானும் ஓட்டலாமோ, நானும் செய்யலாமோ என்ற எண்ணம் வந்தது.

அந்த எண்ணம் வந்த இளைஞர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். அவருடைய தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியில் பலமுறை வென்றவர். நரேன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது இருங்காட்டுக்கோட்டையில், ஃபார்முலா மாருதியில்தான். முதல் பந்தயத்திலேயே வெற்றி மேடை ஏறினார். பிறகு பிரான்ஸில் பயிற்சி, பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு, 1996-ல் ஃபார்முலா ஏசியா பட்டம் என்று படிப்படியாக ஏறி, 2005-ல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். கருண் சந்தோக் 2000-ல் ஃபார்முலா மாருதியில் ஓட்டித் தேசியப் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டே ஆசிய அளவிலான பட்டம் ஒன்றும் அவரைச் சேர்ந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன் அவர். நடிகர் அஜித் குமார் 2002-ல் ஃபார்முலா மாருதி தேசியப் போட்டியில் ஓட்டிவிட்டுத்தான் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஏசியாவுக்கும் பின்னர் ஐரோப்பாவின் ஃபார்முலா டூ பந்தயத்துக்கும் போனார்.

2005 ஜூன் 19. அமெரிக்க கிராண்ட் பிரீ. மிஷலின் டயர்கள் அந்தப் பாதையின் சாய்ந்த திருப்பத்தைத் தாங்காது என்று தெரியவந்ததால், அந்த டயர் போட்ட 14 கார்களும் தொடங்கும் முன்பே விலகிவிட, பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. எந்த இடத்தில் எடுத்தார் என்பதைச் சொல்ல வேண்டும்: ரே ஹாரூன் மார்மன் வாஸ்பில் ஜெயித்த அதே இண்டியானாபொலிஸில். நாற்பது குதிரைத்திறனில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கிய பயணம் அங்கே போய்ச் சேர்ந்தது.

அதைப் பார்க்கக் கரி இல்லை. தரையில் ஓட்டியது போதாமல் அவருக்கு வானத்தில் பறக்கும் ஆசையும் இருந்தது. 1995 ஆகஸ்ட் 24 அன்று சிறிய விமானம் ஒன்றில் பறந்தபோது நடந்த விபத்தில் இறந்துபோனார். வயது 41.

பின் வந்தவை

அவர் போட்ட வழி அடைபடவில்லை. கோவையில் பந்தயக் கார் கட்டும் தொழில் தொடர்ந்தது. அந்த ஊரின் எல்ஜிபி நிறுவனம் பந்தயத் துறைக்குள் வந்தது. 1.3 லிட்டர் சுசூகி எஞ்சினோடு எல்ஜிபி ஃபார்முலா 4 கார்கள் தேசியப் போட்டிகளில் ஓடத் தொடங்கின. சாலைக் காரின் எஞ்சின், உள்ளூரில் கட்டிய குழாய்க் கூடு, எல்லோருக்கும் ஒரே கார் என்று கரியின் கணக்கு அப்படியே அவற்றிலும் இருக்கிறது. 2003-ல் கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளப் பந்தயப் பாதை திறக்கப்பட்டு அவர் பெயரையே பெற்றது: கரி மோட்டார் ஸ்பீட்வே. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய திறந்த சக்கரக் கார்களோடு மோதும் ஃபார்முலா பாரத் போட்டியும் அங்கே நடக்கிறது. வெல்டிங் தீப்பொறிக்கு முன் மாணவர்கள் உட்கார்ந்து முக்கோணம் முக்கோணமாகக் குழாய்களை இணைக்கும்போது, கரியின் பாடத்தைத்தான் அவர்கள் மறுபடி எழுதுகிறார்கள்.

மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஃபார்முலா மாருதியும் தேசியப் போட்டிகளிலிருந்து விடைபெற்றுவிட்டது. இன்று அந்தக் கார்களின் நினைவு பெரும்பாலும் ரசிகர்களின் பேச்சிலும், அவர்கள் எடுத்த படங்களிலும், அக்கால ஓட்டுநர்கள், மெக்கானிக்குகளின் ஞாபகத்திலும்தான் இருக்கிறது. அந்தத் தலைமுறைக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

பெரிய இறக்குமதிக் கார்களைப் பற்றி நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம். பேசுவோம், அவற்றுக்கு அந்தத் தகுதி உண்டு. ஆனால் தமிழ்நாட்டின் மோட்டார் பந்தய வரலாற்றில் முதல் இடத்துக்கு உரிய கார் எது என்று என்னைக் கேட்டால், தயக்கமின்றி ஃபார்முலா மாருதியைச் சொல்வேன். மற்றக் கார்கள் நம்மை வேடிக்கை பார்க்க வைத்தன. இந்தக் கார் நம்மை ஓட்ட வைத்தது, செய்ய வைத்தது.

1911-இல் ஓடிய காரை அமெரிக்கர்கள் இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் கையால் செய்த காரை நம்மால் காப்பாற்ற முடியாதா? கோவை அவிநாசி சாலையில் ஜி. டி. நாயுடு பெயரில் அருமையான கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கோ, செட்டிப்பாளையத்திலோ, இருங்காட்டுக்கோட்டையிலோ, ஓடும் நிலையில் ஒரு ஃபார்முலா மாருதியை நிறுத்தி, அதைக் கட்டிய வெல்டர்கள், டர்னர்கள், ஃபைபர் தொழிலாளிகள் பெயரையும் கரியின் பெயரோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும். பழைய கார் யார் வீட்டு ஷெட்டிலாவது தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். சோழவரத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ எடுத்த புகைப்படம், டிக்கெட், பந்தய நிகழ்ச்சிநிரல் எது வைத்திருந்தாலும் ஆண்டையும் ஓட்டுநர் பெயரையும் பின்னால் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்; அக்காலத்து மெக்கானிக் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள். அவர் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.